12 மணி நேர வேலையும் மூச்சுப் பயிற்சியும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு மண்டபத்தில் தொழிலாளர்களுக்கு ஒரு பிரசங்கம் நடந்தது. மன அழுத்தத்தை வெல்வது எப்படி, வேலையையும் வீட்டையும் சமநிலையில் வைத்துக்கொள்வது எப்படி என்பது தலைப்பு. ஏற்பாடு செய்தவர்கள் ஒரு நிர்வாகத்தார். பெயர் வேண்டாம், பெயரைச் சொன்னால், அவர்கள் ஒருவர்தாம் இப்படி என்று வாசகர்கள் எண்ணிவிடுவார்கள். வாசலில் மேசை போட்டு, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். வராதவர்களின் பெயருக்கு நேரே கோடு போட்டார்கள். ஓய்வு நாளில் ஓய்வைப் பற்றிப் பேச்சு. அதற்கும் ஒரு பெரட்டு!

வாரத்தில் ஒரு முழு நாள் தொழிலாளிக்கு ஓய்வு என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு கூறுகிறது. அந்த ஒரு நாளில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு, ஓய்வின் மகிமையை உபதேசிக்கிறார்கள் என்றால், இந்த வேடிக்கையை எங்கே போய்ச் சொல்வது?

பேச வந்த கனவான்மீது நமக்குக் கோபமில்லை. நன்றாகப் படித்தவர், பணிவாகப் பேசினார். காலையில் பத்து நிமிஷம் மூச்சை இழுத்து விடுங்கள் என்றார். மாலையில் காலாற நடங்கள் என்றார். எட்டு மணி நேரம் தூங்குங்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றார். இவற்றில் எது தப்பு? ஒன்றுமில்லை. நம் பாட்டனார் காலத்திலிருந்து வீட்டுக்கு வீடு சொல்லி வந்ததுதான்.

அப்போது பின்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்தார். இருபது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டம் துண்டாடப்பட்டபின் இப்போது ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை. "ஐயா, எட்டு மணி நேரம் தூங்கச் சொல்றீங்க. நான் வேலை முடிச்சு பஸ் புடிச்சு வீட்டுக்கு வர்றப்ப ராத்திரி ஒம்பது. ஆக்கி, தின்னு, துணி அலசிப் படுக்கப் பதினொண்ணு. நாலரைக்கு எந்திரிக்கணும். பாக்கித் தூக்கத்தை நான் எங்க போய்த் தூங்குறது?" என்று கேட்டார்.

மண்டபம் சிரித்தது. பேச்சாளரும் சிரித்தார். நேரத்தைத் திட்டமிட்டுச் செலவழிக்கப் பழக வேண்டும் அம்மா என்றார். அம்மாள் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு தோழர் அழைத்ததன் பேரில் அங்கே போய் உட்கார்ந்திருந்த நாமும் அப்போது வாய் திறக்கவில்லை. அதுதான் இன்றுவரை நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. அந்த அம்மாள் கேட்டது கணக்கு. கணக்குக் கேட்டவருக்குக் கணக்கில்தான் பதில் சொல்ல வேண்டும். நாம் கிராணிகள், கணக்கு எழுதியே ஜீவனம் செய்கிறவர்கள். ஆகவே அந்தப் பதிலை இங்கே எழுத முற்படுகிறோம்.

"கிராணி எழுதுகிறானா, தொழிலாளிக்காகவா?" என்று சிலர் சிரிக்கக் கூடும். சிரிக்கட்டும். அதற்குக் காரணமும் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும், அதன் முன்னணியில் நின்ற ஆர்.எச்.நாதனும் தொழிலாளர் பக்கம் நின்ற காலம் அது. சம்பள உயர்வு மட்டுமே அவர்கள் கேட்டதாக இன்று பலர் நினைக்கிறார்கள். அன்றைய கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும். கொடுமை செய்யும் கிராணிகளை நீக்க வேண்டும். ஆம், நம் கூட்டத்தார்தாம்! துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற அவமானம் ஒழிய வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், வைத்தியம் வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். இவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள்: 10 மணி, 12 மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும்.

வேலைக்கும் வீட்டுக்கும் சமநிலை என்று இன்று படம் போட்டுப் பேசுகிறார்களே, அது இந்த மண்ணுக்குப் புதிதா? பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்புத் தாண்டாத பால்வெட்டுத் தொழிலாளி, கிள்ளானில், 1941-லேயே அதைக் கேட்டுவிட்டான். உறவினர் வந்து போக வேண்டும் என்றால் என்ன அர்த்தம்? எனக்கு வேலையைத் தவிர ஒரு வாழ்வும் உண்டு என்று அர்த்தம். சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்றால்? வேலை முடிந்தபின் ரோட்டில் போகிற நான் உன் கூலி அல்ல என்று அர்த்தம்.

அதற்குக் கிடைத்த பதிலையும் நாம் அறிவோம். 1941 மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பிறகு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர்களும் போயின. மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க அன்று யாரும் வரவில்லை.

நம் ஊரில் மட்டுமா? 1918-ல் சென்னையில் பி.அண்டு.சி. ஆலைத் தொழிலாளர்கள் கூடிச் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்களே, அவர்களின் முதல் முறையீடுகளில் ஒன்று மத்தியானச் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பது. கையைக் கழுவிச் சோற்றைப் பிசைவதற்குள் சங்கு ஊதுகிறது என்ற வயிற்றெரிச்சலில் இருந்துதான், பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் பேசிய மேடை எழுந்தது. 1886-ல் சிக்காகோ நகரில் இரத்தம் சிந்தியதும் 8 மணி நேர வேலைக்காக. 1919-ல் அனைத்துலகத் தொழில் ஸ்தாபனம் கூடியபோது அது நிறைவேற்றிய முதல் ஒப்பந்தமே, நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பதுதான். சங்கங்கள் பிறந்ததே நேரத்துக்காக என்று கூறினாலும் மிகையாகாது.

சரி, இன்றைய நிலைமைக்கு வருவோம். இனிமேல்தான் கணக்கு.

நம் நாட்டு வேலைச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு, 1-1-2023 முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. வரவேற்கிறோம். 8 மணிக்குமேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு சம்பளம். தொடர்ந்து 5 மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கினால் நடுவே அரைமணி நேரமாவது ஓய்வு. இவை யாவும் சட்டத்தில் இருக்கின்றன.

ஆனால் பக்கத்தைப் புரட்டுங்கள். ஓவர்டைம் எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு 1980-ஆம் ஆண்டின் விதி ஒன்று இருக்கிறது. மாதம் ஒன்றுக்கு 104 மணி. இந்த 104 எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் செக்ரோல் எழுதி முடித்த அலுப்பில் நாம் வகுத்துப் பார்த்தோம். மாதத்துக்கு 26 வேலை நாள். 104-ஐ 26-ஆல் வகுத்தால் 4. எட்டும் நாலும் பன்னிரண்டு!

தோழர்களே, இதை இன்னொரு தரம் படியுங்கள். 1941-ல் கிள்ளான் தொழிலாளி ஒழிக்கச் சொன்ன 12 மணி நேர வேலையை, ஏறக்குறைய மாதம் பூராவும், சட்டத்தின் ஒரு வரியையும் மீறாமல், இன்றும் ஒருவரிடம் வாங்கலாம். வாரத்துக்கு 45 என்று முன்வாசலில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதோடு நாளுக்கு 4 வீதம் ஆறு நாளுக்கு 24-ஐக் கூட்டினால் 69. பின்வாசல் அவ்வளவு அகலம்.

இது காகிதக் கணக்கல்ல. ஸ்ரீ கெம்பாங்கானில் எந்தத் தாமான் வாசலிலாவது, எந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கேட்டிலாவது நிற்கும் ஜாகாவிடம் கேளுங்கள். ஏழு முதல் ஏழு என்பார். பகல் ஷிப்டுக்காரர் ஏழு மணிக்குப் போவார். இரவு ஷிப்டுக்காரர் ஏழு மணிக்கு வருவார். மூன்று பேருக்குரிய நாளை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மூன்றாவது ஆளின் சம்பளம், சேமநிதி, சொக்சோ, விடுமுறை எல்லாம் யாருக்கு மிச்சம் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

"தொழிலாளிதானே ஓவர்டைம் வேண்டும் என்று கேட்கிறான்? கொடுக்காவிட்டால் சண்டைக்கு வருகிறானே!" என்று நிர்வாகத்தார் சொல்வார்கள். உண்மைதான், கேட்கிறான். ஏன் கேட்கிறான்?

1-2-2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. மணிக்கு 8 வெள்ளி 17 காசு. ஒன்றரை மடங்கு போட்டால் ஓவர்டைம் மணிக்கு 12 வெள்ளி 26 காசு. 104 மணியும் செய்தால் ஏறக்குறைய 1,275 வெள்ளி. அதாவது 8 மணி வேலை செய்கிறவர் 1,700 வெள்ளியோடு வீட்டுக்குப் போகிறார். 12 மணி வேலை செய்கிறவர் 2,975 வெள்ளியோடு போகிறார். வீட்டு வாடகை, அரிசி, மோட்டார் சைக்கிள் தவணை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, அம்மாவின் மருந்து, எல்லாம் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே கிடக்கின்றன. ஓவர்டைம் வேண்டும் என்று கேட்பது தொழிலாளியின் வாய். கேட்க வைப்பது 1,700 வெள்ளி என்ற அந்த எண்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. சம்பளச் சீட்டு எழுதுகிற நமக்குத் தெரியும். ஓவர்டைம் காசுக்குச் சேமநிதி கட்ட வேண்டும் என்று சட்டமில்லை. கையில் கிடைக்கும் காசு முழுசாகக் கிடைக்கிறதே என்று நம்மவர்கள் சந்தோஷப்படுகிறார்கள். நாளைக்கு 55 வயதில் சேமநிதிப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும்போது, நாளெல்லாம் 12 மணி நேரம் நின்றவரின் கணக்கில் 8 மணி நேரத்துக்குரிய பணம்தான் இருக்கும். மிச்சம் நாலு மணி நேரம் முதுகுவலியாக உடம்பில் சேமிக்கப்பட்டிருக்கும். அதற்கு வட்டியும் உண்டு.

அந்த வட்டி எவ்வளவு என்று உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழில் நிறுவனமும் சேர்ந்து கணக்கெடுத்து 2021-ல் வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி வேலை செய்கிறவர்களைவிட, பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம். இருதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2016 என்ற அந்த ஒரு வருஷத்தில் மட்டும் நீண்ட நேர வேலையால் உலகத்தில் மாண்டவர்கள் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் என்று அவர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆபத்தின் எல்லை 55 மணி. நம் விதி அனுமதிப்பது 69. நாற்பத்தெட்டு வயதில், ஜாகா நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாய் கோணி விழுந்தவர்களை நாம் அறிவோம். "பாவம், பிரஷர் இருந்தது" என்று சொல்லிவிட்டு மறுநாள் அந்த நாற்காலியில் வேறொருவரை உட்கார வைத்தார்கள்.

அதே உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில், வேலையால் மனிதன் எரிந்து கருகிப் போகும் அந்தச் சோர்வுக்கும் ஓர் இடம் கொடுத்தது. அதை நோய் என்று எழுதவில்லை, கவனியுங்கள். வேலையோடு சம்பந்தப்பட்ட நிலை என்று எழுதியது. வேலை இடத்தில் ஓயாது இருக்கும் நெருக்கடி சரிசெய்யப்படாததால் வருவது என்று எழுதியது. நெருக்கடி வேலை இடத்தில் இருக்கிறது. மருந்தைத் தொழிலாளியின் மூக்கில் தேடுகிறார்கள்!

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். மனசு உண்மையிலேயே நொந்து, தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வாழ்வே வெறுத்துப் போனவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சர்க்கார் கிளினிக்குக்குப் போய் டாக்டரைப் பார்க்க வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை. கால் முறிந்தால் கட்டுப் போடுகிறோம். மனசு முறிந்தால் மட்டும் கோவிலில் மந்திரித்துக் கயிறு கட்டுவதோடு நின்றுவிடுகிறோம். இது நம் சமூகத்தின் குறை. மூச்சுப் பயிற்சியால் சுகம் கண்டவர்களும் உண்டு. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. நாம் சொல்வது, மருந்து கொடுத்த கையே விஷத்தையும் ஊற்றக் கூடாது என்பதுதான்.

ஏனெனில் தோட்ட நிர்வாகங்கள் தொழிலாளியின் அலுப்புக்கு மருந்து கொடுத்தது இது முதல் தடவையல்ல. அந்தக் காலத்தில் கொடுத்த மருந்துக்குக் கள்ளு என்று பெயர். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை. உடம்பு வலிக்கு நல்லது, அலுப்புத் தீரும் என்றார்கள். காலையில் கொடுத்த கூலியை மாலையில் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. அலுப்பு ஏன் வந்தது என்று தொழிலாளி யோசிப்பதற்குள் கண் சொருகிவிடும். அதனால்தான் 1941-ன் கோரிக்கைகளில் வேலை நேரமும் கள்ளுக்கடையும் சேர்ந்து நின்றன. 1947-ல் கெடாவில் தொண்டர் படைத் தோழர்கள் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பியதும் சும்மா ஒழுக்கப் பிரசாரமல்ல. கள்ளும் மூச்சுப் பயிற்சியும் ஒன்று என்று நாம் கூறவில்லை. ஒன்று குடலை அரித்தது. இன்னொன்று ஒரு கெடுதலும் செய்வதில்லை. ஆனால் இரண்டையும் கொடுக்கிறவர்கள் ஒரே விஷயத்தை எதிர்பார்க்கிறார்கள்: நேரத்தைப் பற்றி நீ பேசாதே.

இனி, அந்தப் பின்வரிசை அம்மாளைப் போன்ற பெண்கள். இவர்களைப் பற்றி நம் பத்திரிகை எழுதியது போதாது என்பதே நம் அபிப்பிராயம்.

பால்வெட்டு விடியற்காலையில் தொடங்குவது துரையின் பிடிவாதத்தால் அல்ல. மரத்தின் குணம் அது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே இருட்டில் பெரட்டு, விடியும்போது வெட்டு. ஆண்பிள்ளை ஐந்து மணிக்கு எழுந்து முகம் கழுவி, வைத்திருக்கும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பெரட்டுக் களத்துக்குப் போனான். அந்தத் தேத்தண்ணியை வைத்தவள் எத்தனை மணிக்கு எழுந்தாள்? சோறாக்கி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, கைக்குழந்தையைத் தூக்கத்திலேயே சுமந்துகொண்டு போய் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, அவளும் அதே பெரட்டில் அதே நேரத்துக்கு நின்றாள். வெட்டினாள். மங்கில் பால் நிறையும்வரை புல் பிடுங்கினாள். பால் எடுத்து, காண்டாவாளியில் சுமந்து, ஸ்டோரில் நிறுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். ஆண்பிள்ளை அஞ்சடியில் துண்டை விரித்துப் படுத்தான். அவள் பைப்படிக்குப் போனாள்.

நாமும் அப்படிப் படுத்தவர்களின் பிள்ளைகள்தாம். நம்மில் பலர் இன்றும் படுக்கிறோம். தோட்டத்தை விட்டு வந்தாயிற்று. லயம் போய்ப் பிளாட்டு வந்தாயிற்று. பைப்படி போய் வாஷிங் மிஷின் வந்தாயிற்று. துணியை அதில் போடுகிற கை மட்டும் மாறவில்லை. 12 மணி நேரம் வெளியே உழைத்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் இன்னும் மூன்று மணி நேர வேலை காத்திருக்கிறது என்றால், அதற்கும் முதலாளிதான் பொறுப்பு என்று நாம் எழுதினால் அது புளுகு. சட்டம் கொடுக்காத ஓய்வில் ஒரு மணி நேரத்தையாவது புருஷன் கொடுக்கலாம். சட்டியைக் கழுவினால் மீசை உதிர்ந்துவிடாது.

தோட்டத்தில் வேலையும் வாழ்வும் ஒரே வேலிக்குள் இருந்தன. வேலை போனால் வீடு போயிற்று. வீடு போனால் பிள்ளையின் பள்ளிக்கூடம் போயிற்று. அதனால் ஒருவன் வேலையில் பட்ட அவமானத்தை வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குச் சுமந்து வந்தான். அங்கே பெண்டாட்டி முதுகில் இறக்கினான். இன்று தோட்டங்களில் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த தோழர்கள் வேலை செய்கிறார்கள். நிர்வாகம் கொடுத்த இடத்தில் தங்குகிறார்கள். அவர்களின் பெர்மிட்டும் அந்த ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. பழைய வேலிதான், இப்போது காகிதத்தில் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகவும் பேசாத சங்கம், நம் பாட்டன்மார் பட்டதை மறந்த சங்கம்.

வெளியே வந்த நாம் மட்டும் வேலியைத் தாண்டிவிட்டோமா? அன்று பெரட்டு மணி லயத்துக் கோடியில் அடித்தது. இன்று அது சட்டைப் பையில் அடிக்கிறது. ராத்திரி பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் சூப்பர்வைசரின் உத்தரவு வருகிறது: நாளைக் காலை ஷிப்ட் மாற்றம், உடனே பதில் போடு. பதில் போடாதவருக்கு மறுநாள் முகம் காட்டுவார்கள். ஆபீஸ் உத்தியோகம் பார்க்கும் நம் பிள்ளைகளும் இதற்குத் தப்பவில்லை. நமக்கும் மாதக் கடைசியில் செக்ரோல் கணக்கு முடியும்வரை தட்டில் சோறும் காதில் போனுமாகத்தான் கழிகிறது. வீட்டில் பிள்ளை ஏதோ கேட்கும், என்ன கேட்டது என்று மறுநாள் நினைத்துப் பார்த்தால் ஞாபகம் வராது. பிரான்சு நாட்டில் 2017 ஜனவரி முதல், வேலை நேரம் முடிந்தபின் ஊழியன் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் ஏறியிருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் 2024 ஆகஸ்டில் அது வந்துவிட்டது. நாமும் கேட்கலாம் அல்லவா?

நம் சட்டத்தில் 2023 முதல் ஒரு புதிய வழி இருக்கிறது. வேலை நேரத்தை, நாளை, இடத்தை மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். கேட்க உரிமை உண்டு, பெற உரிமை இல்லை. அவ்வளவுதான் அதன் பலம். இருந்தாலும் அதைப் பயன்படுத்துங்கள் என்கிறோம். காரணம் எழுதச் சொன்னால் எழுதுகிறவர் கை கொஞ்சம் நடுங்கும். கிராணி சொல்கிறோம், நம்புங்கள்.

ஆனால் நாம் கேட்க வேண்டியது இதைவிடப் பெரிது. அந்த 104 குறைய வேண்டும். அது குறையும்போது, அடிப்படைச் சம்பளமும் கூடவே உயர வேண்டும். இல்லாவிட்டால் நேரத்தைக் குறைக்கச் சொன்ன சங்கத்தைத் தொழிலாளியே கல்லால் அடிப்பான், அடிப்பதும் நியாயம்தான். ஓவர்டைம் காசுக்கும் சேமநிதி கட்டப்பட வேண்டும். அதைக் கட்ட நேர்ந்தால், மூன்றாவது ஷிப்டுக்கு ஆள் எடுப்பதே லாபம் என்று சில நிர்வாகத்தாருக்குத் தானாகவே ஞானோதயம் பிறக்கும். மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்த விரும்பும் நிர்வாகத்தார் அதைத் தாராளமாக நடத்தட்டும்: வேலை நாளில், வேலை நேரத்தில், சம்பளத்தோடு.

நம் பக்கத்து அழுக்கையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். "நான் பதினாறு மணி நேரம் நின்றவன்" என்று மார்தட்டுகிற தோழர்கள் நம் கிளையிலேயே இருக்கிறார்கள். எம்.சி. எடுத்தவனைச் சோம்பேறி என்று சிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். சட்டம் கொடுத்த வருஷ லீவை எடுக்காமல் விட்டுவிட்டு, அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். இரண்டு வருஷத்துக்குட்பட்டவருக்கு 8 நாள், ஐந்து வருஷத்துக்குட்பட்டவருக்கு 12 நாள், அதற்கு மேற்பட்டவருக்கு 16 நாள். இதற்காக நம் முன்னோர் கெஞ்சவில்லை, போராடினார்கள். 98 நாள் பிரசவ லீவும், தகப்பனுக்கு 7 நாள் லீவும் 2023 முதல் சட்டத்தில் இருக்கின்றன. அந்த 7 நாளை எடுத்துக்கொண்டு நண்பர்களோடு மீன் பிடிக்கப் போன ஒரு தோழரையும் நாம் அறிவோம். பெயர் வேண்டாம், அவர் வீட்டு அம்மாவும் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறார்.

சங்கம் மட்டும் யோக்கியமா? பதினைந்து வருஷமாக நம் கிளைக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நடந்து வருகிறது. பத்து மணி என்று போட்டுப் பதினொன்றுக்குத் தொடங்கி, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை என்று மத்தியானம் இரண்டு வரை இழுப்போம். அந்த நிர்வாகத்தார் பறித்தது ஒரு ஞாயிறு. நாம் மாதம் ஒரு ஞாயிறு பறித்து வந்திருக்கிறோம். பெண்கள் ஏன் கூட்டத்துக்கு வருவதில்லை என்று வருஷா வருஷம் தீர்மானம் வேறு போடுவோம்.

ஆகவே இந்த மாதம் முதல் நம் கிளைக் கூட்டம் சனிக்கிழமை மாலை நடக்கும். ஒன்றரை மணி நேரத்தில் முடியும். மாலை கிடையாது, பொன்னாடை கிடையாது. பிள்ளைகளைக் கூட்டி வரலாம். தேத்தண்ணியும் வடையும் உண்டு, அதை ஆண்கள் எடுத்து வைப்பார்கள். வருகிறவர்கள் கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளைக் கொண்டு வர வேண்டும். யார் யாருக்கு எத்தனை மணி ஓவர்டைம் ஏறியிருக்கிறது, ஒன்றரை மடங்கு சரியாகப் போடப்பட்டிருக்கிறதா, ஓய்வு நாளில் அழைத்தார்களா என்று உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். அந்தக் கணக்கோடுதான் தொழிலாளர் இலாகாவுக்குப் போக வேண்டும்; வெறும் கையோடு போனால் அங்கேயும் நமக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

பின்வரிசை அம்மாளையும் போய்ப் பார்த்து அழைத்தோம். சனிக்கிழமையும் தமக்கு ராத்திரி ஒன்பதுதான் என்றார். சம்பளச் சீட்டுகளை ஒரு பிஸ்கோத்து டின்னில் அடுக்கி வைத்திருக்கிறார், ஒன்றுகூடத் தொலைக்கவில்லை. நாங்களே வந்து பார்த்து எழுதிக்கொள்கிறோம், எப்போது வரட்டும் என்று கேட்டோம்.

"ஞாயித்துக்கிழமை வாங்க தம்பி. ஆனா பத்து மணிக்கு மேல வாங்க. அதுவரைக்கும் நான் தூங்குவேன்" என்றார்.